பார்த்தும் காணாத கண்கள்

எங்கள் வீட்டில் இரண்டு வாகனங்கள் இருக்கின்றன. ஒன்று வாப்பாவின் சின்ன லொறி. மற்றையது ஒரு பழைய லுமாலா சைக்கிள். லொறியில் வாப்பா நெல்லும் தேங்காயும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்வருவார். சைக்கிளில் நான் சாதாரண தரம் வரை பாடசாலைக்குப் போய்வந்தேன். எங்கள் வீடு பூவரசங்குளத்தில், வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. லொறியும் சைக்கிளும் ஓடியது அந்த ஒரே வீதியில்தான். ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பேச்சைக் கேட்பவர்களுக்கு, இவர்கள் இரண்டு வேறு நாடுகளில் வாகனம் ஓட்டுகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

"சைக்கிள்காரருக்கு றோட்டு தங்கட வளவு எண்ட நினைப்பு. பின்னுக்கு என்ன வருது எண்டு திரும்பிப் பாக்கிறதே இல்ல" என்பார் வாப்பா.

"லொறிக்காரருக்குப் பிரேக் எண்டு ஒரு சாமான் இருக்கிறதே தெரியாது. ஹோர்ன் மட்டுந்தான் தெரியும்" என்பேன் நான்.

"ரெண்டு பேரும் முதல்ல சோத்தைத் தின்னுங்க" என்பார் உம்மா.

நான் சும்மா சொல்லவில்லை. தரம் 10 இல் படிக்கும்போது, ஒரு பஸ் என்னை முந்திச் சென்ற வேகத்தில் தடுமாறி, வீதியோரக் கிறவலில் விழுந்தேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பஸ் நிற்கவில்லை. என்னை அந்தச் சாரதி காணவே இல்லையோ, கண்டும் போனாரோ என்று பல நாட்கள் யோசித்தேன். அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது கடந்த டிசம்பர் விடுமுறையில். அதுவும் நான் எதிர்பாராத ஓர் ஆசனத்தில் இருந்தபோது.

அன்று மாமி வீட்டுக்குப் போய்விட்டு வாப்பாவின் லொறியில் திரும்பிக்கொண்டிருந்தேன். மஃரிப் நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரத்தில் வீதி கறுத்து மினுங்கியது. நான் முன் ஆசனத்தில் இருந்து வீதியையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் முகத்தில் அடித்துவிட்டுக் கடந்து போனது. அடுத்த கணம் வாப்பா பிரேக்கை மிதித்தார். லொறி இழுபட்டு நின்றபோது எங்களுக்கும் ஒரு சைக்கிளின் பின்சில்லுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிகூட இருக்கவில்லை.

சைக்கிளில் இருந்தவர் வயதான ஒருவர். கரியரில் புல்லுக்கட்டு. விளக்கு இல்லை. வாப்பா இறங்கி ஓடினார். "ஐயா, காயம் ஒண்டும் இல்லையே?"

"இல்லத் தம்பி. லைற் இல்லாம வந்தது என்ர பிழைதான். ஆனா உங்கட வெளிச்சத்தில எனக்கு எல்லாம் வடிவாத் தெரிஞ்சது. நீங்களும் என்னைக் கண்டிருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றார் அவர்.

லொறியில் ஏறிய வாப்பாவின் கை நடுங்கியது. "நீ கண்டியா மகள்?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா."

அந்த வீதியில் வருடக்கணக்காகச் சைக்கிள் ஓடியவள் நான். சாரதிகளுக்குக் கண் இல்லை என்று தினமும் குறை சொன்னவள். வீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தும் நானும் அவரைக் காணவில்லை.

நடந்ததைக் கேட்ட உம்மா அன்றிரவே ஒரு முடிவு சொன்னார். "இனிச் சின்னவள் சைக்கிள்ல போக வேணாம்." சின்னவள் என்றால் என் தங்கை. தரம் 8 இல் படிக்கிறாள். நான் உயர்தரம் படிக்க விடுதிக்கு வந்தபின் அந்த லுமாலா அவளுக்குச் சேர்ந்தது. பாடசாலை நான்கு கிலோமீற்றர். காலை பஸ் ஒன்று மிக முந்தி வரும், மற்றது மணி அடித்த பிறகு வரும். வாப்பா சுபஹு தொழுத கையோடு லொறியை எடுத்துவிடுவார். ஆகவே சைக்கிள் நின்றால் கிழமையில் இரண்டு மூன்று நாட்களாவது பாடசாலையும் நிற்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு சில வேளைகளில் இரண்டு சில்லுகளில்தான் ஓடுகிறது.

உம்மாவின் பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்துதான். இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோட்டார் சைக்கிளோட்டிகளுமே. நமது சிறிய நாட்டில்கூட வருடமொன்றுக்கு 2,000 இற்கும் அதிகமான உயிர்கள் வீதியில் போகின்றன. பயப்படுவதோடு நின்றுவிடாமல், ஏன் இப்படி நடக்கிறது என்று அறிய விரும்பினேன். விடுமுறை முடிந்து வந்து, நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தவற்றை உம்மாவுக்குச் சொல்வது போலவே இங்கு எழுதுகிறேன்.

கண் ஒரு கமரா அல்ல

முதலில் இரண்டு சிறிய பரிசோதனைகள். கையை முன்னே நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். அதையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள புத்தகத்தின் எழுத்தை வாசிக்க முயலுங்கள். முடியாது. நமது கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு, நீட்டிய கையின் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. மற்ற இடமெல்லாம் மங்கல்தான். அந்த மங்கலை ஈடுசெய்யக் கண் ஒவ்வொரு செக்கனிலும் மூன்று, நான்கு தடவை அங்குமிங்கும் தாவுகிறது.

இரண்டாவது பரிசோதனைக்கு ஒரு முகக்கண்ணாடி தேவை. கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள். பிறகு வலக்கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண்கள் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்கும் தோழிக்கு அது நன்றாகத் தெரியும். காரணம், கண் தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையைத் தடுத்துவிடுகிறது. அந்த இடைவெளியைத் தானே நிரப்பி, தொடர்ச்சியான ஒரு காட்சியைப் பார்ப்பது போன்ற எண்ணத்தை நமக்குத் தருகிறது.

சந்தியில் நின்று வலப்பக்கமும் இடப்பக்கமும் விரைவாகத் தலையைத் திருப்பிவிட்டு வாகனத்தை எடுக்கும் சாரதியை நினைத்துப் பாருங்கள். அவர் கண் நின்ற இடங்கள் சில. தாண்டிப் போன இடங்கள் பல. ஒரு பஸ் அந்த இடைவெளிக்குள் மறையாது. ஒரு சைக்கிள் முழுதாக மறைந்துவிடும். அதோடு லொறியின் முன்கண்ணாடிக்கு இரு புறமும் உள்ள தூண்கள் வேறு. ஒரு சைக்கிளையும் அதில் இருக்கும் பிள்ளையையும் மறைக்க அந்தத் தூணின் அகலம் போதும். விபத்தின் பின் "பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன், காணவில்லை" என்று சாரதி சொன்னால் நாம் பொய் என்கிறோம். பல வேளைகளில் அது பொய் அல்ல.

எதிர்பார்ப்பதே தெரிகிறது

உயர்தரத்தில் எனது பாடங்களில் ஒன்று அளவையியலும் விஞ்ஞான முறையும். அவதானம் என்பது வெறும் கண்ணின் வேலை அல்ல, அவதானிப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் கருத்தும் அதில் சேர்கிறது என்று அந்தப் பாடத்தில் படிக்கிறோம். பரீட்சைக்காக மனனம் செய்த அந்த வசனத்தின் பொருள் எனக்கு லொறியில்தான் விளங்கியது.

1999 இல் அமெரிக்காவில் டானியல் சைமன்ஸ், கிறிஸ்தோபர் சப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறியும் காணொளியைக் காட்டி, ஓர் அணி எத்தனை தடவை பந்தை எறிகிறது என்று எண்ணச் சொன்னார்கள். காணொளியின் நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து, நடுவில் நின்று நெஞ்சில் அடித்துவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கொரில்லாவைக் காணவே இல்லை. அவர்கள் கண் மூடியிருக்கவில்லை. மனம் பந்தில் இருந்தது. கவனம் வைக்காத ஒன்றை, அது கண் முன்னே இருந்தாலும், மனம் பதிவு செய்வதில்லை.

வாப்பாவின் மனம் அன்று எதில் இருந்திருக்கும்? எதிரே வந்த பஸ்ஸில். அதுதான் அவருக்கு ஆபத்து. சாரதியின் மனம் எப்போதும் தன்னைத் தாக்கக்கூடியதையே முதலில் தேடுகிறது. பஸ் லொறியைத் தாக்கும். சைக்கிள் லொறியை ஒன்றும் செய்யாது. ஆகவே அது தேடலில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. பெரிய பொருள் சீக்கிரம் வந்து சேரும் என்றும் சிறிய பொருள் மெதுவாக வரும் என்றும் மனம் கணிக்கிறது. இதனால்தான் எதிரே வரும் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் முன்னால் பலர் துணிந்து திரும்பிவிடுகிறார்கள்.

எதிர்பார்ப்பு மாறினால் பார்வையும் மாறும் என்பதற்கு நமக்கே ஓர் அனுபவம் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் எங்கள் வீதியில் அதிபரும் சைக்கிளில், மௌலவியும் சைக்கிளில், கடை முதலாளியும் சைக்கிளில். போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது வன்னி முழுவதும் இப்படித்தான் சைக்கிளில் ஓடியது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்போது ஓடிய சில லொறிகளும் பஸ்களும் எங்களை விலத்தி, மெதுவாகப் போயின. சாரதிகள் திடீரென்று நல்லவர்கள் ஆகிவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். பீற்றர் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003 இல் எழுதிய கட்டுரையைப் படித்தபின் வேறு விளக்கம் கிடைத்தது. பல நகரங்களின், நாடுகளின் தரவுகளை அவர் ஒப்பிட்டார். நடப்போரும் சைக்கிளோட்டிகளும் இரண்டு மடங்கானால், ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் குறைகிறது என்று கண்டார். சைக்கிளோட்டிகள் அதிகமாக இருக்கும் இடத்தில் சாரதிகள் அவர்களை எதிர்பார்த்து ஓட்டுகிறார்கள் என்பதே அவர் தந்த விளக்கம்.

உம்மாக்கள் எல்லோரும் பயந்து பிள்ளைகளின் சைக்கிளை நிறுத்தினால் என்ன ஆகும்? மீதியாக ஓடும் சில பிள்ளைகளுக்கு வீதி இன்னும் ஆபத்தாகும்.

கறுப்பு உடையும் மங்கிய நேரமும்

அந்த ஐயா சொன்ன வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. வெளிச்சம் தன்மேல் விழுந்ததால், தன்னையும் கண்டிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நமக்கு வீதி தெரிகிறது, ஆகவே நாம் வீதிக்குத் தெரிகிறோம் என்ற எண்ணம்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜோஆன் வூட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதைச் சோதித்தார்கள். இரவில், போக்குவரத்து இல்லாத மூடிய வீதியில் சாரதிகளை ஓட்டச் சொல்லி, வெவ்வேறு உடையில் சைக்கிளோட்டிகளை வைத்தார்கள். 2012 இல் வெளியான முடிவு இது. கறுப்பு உடையில் இருந்தவரைச் சாரதிகள் கண்டது 100 இற்கு 2 தடவை. பகலில் பளிச்சென்று தெரியும் நிறச் சட்டை போட்டவரைக் கண்டது 15 தடவை. வெளிச்சத்தைத் திருப்பித் தெறிக்கும் சட்டை போட்டவரை 50 தடவை. அதே சட்டையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளி தெறிக்கும் பட்டி கட்டியவரை 90 தடவை.

இந்தக் கணக்கை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னேர வகுப்பு முடிந்து கறுப்பு அபாயாவோடு வீட்டுக்குச் சைக்கிள் ஓடும் சகோதரிகள் எத்தனை பேர்! நமது உடையில் குறை இல்லை. அதில் ஒரு சிறிய பட்டி சேர வேண்டும், அவ்வளவுதான். ஏன் காலில்? சைக்கிள் மிதிக்கும்போது முழங்காலும் கணுக்காலும் மேலும் கீழும் அசைகின்றன. அந்த அசைவைக் கண்டதும் மூளை "இது ஒரு மனிதர்" என்று கண்டுகொள்கிறது. நெஞ்சில் அசையாமல் இருக்கும் பட்டி ஒரு மைல்கல்லாகவும் இருக்கலாம், ஒரு கம்பமாகவும் இருக்கலாம். அசையும் கால் மனிதருடையதுதான்.

ஆசனம் மாறினால் மனம் மாறும்

காணாமல் மோதுவது ஒரு பக்கம். கண்டும் விலத்தாமல் போவது இன்னொரு பக்கம். அதற்கும் மனமே காரணம்.

2022 இல் வாப்பாவும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது சாரத்தின் ஓரமெல்லாம் சேறு. ஒரு லொறி அவரை வீதிக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தது. "இந்த லொறிக்காரனுகளுக்குக் கண்ணே இல்ல" என்று அவர் சொன்னதும் உம்மாவும் நானும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதே மனிதர், அதே வீதி. ஆசனம்தான் மாறியது.

உளவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நான் தவறு செய்தால் சூழ்நிலையைக் காரணம் சொல்வேன்: பள்ளம் இருந்தது, வெயில் கண்ணைக் கூசியது. மற்றவர் அதே தவறைச் செய்தால் அவரது குணத்தைக் காரணம் சொல்வேன்: அவர் கவனமில்லாதவர், திமிர் பிடித்தவர். மற்றவர்களைப் பற்றிய இந்தப் பிழையான கணிப்புக்கு 1977 இல் லீ ரொஸ் என்ற உளவியலாளர், காரணம் கற்பிப்பதில் நேரும் அடிப்படைத் தவறு என்று பெயர் சூட்டினார். வீதியில் இது இன்னும் கூடுகிறது. ஏனென்றால் அங்கே நாம் ஒருவரையொருவர் விளங்கப்படுத்த முடியாது. கையில் இருப்பது ஹோர்ன் மட்டும். "கொஞ்சம் பொறுங்கள்" என்பதற்கும் "விலகு" என்பதற்கும் "ஸலாம்" என்பதற்கும் அதே ஒரு சத்தம்தான்.

அதோடு, நாம்தான் நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பு. 1981 இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவிலும் சுவீடனிலும் சிலரிடம், உங்கள் ஓட்டும் திறமை குழுவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினரும் சுவீடன்காரர்களில் 69 சதவீதத்தினரும் தங்களை மேல் பாதியில் வைத்தார்கள். மேல் பாதியில் 50 சதவீதத்தினருக்குத்தானே இடம் உண்டு! எங்கள் வீட்டில் கேட்டால் மூவரும் மேல் பாதியில்தான் இருப்போம், வாகனமே ஓட்டாத உம்மா உட்பட.

அந்தஸ்தும் வீதிக்கு வருகிறது. 1968 இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில், பச்சை விளக்கு எரிந்த பிறகும் வேண்டுமென்றே ஒரு காரை நகராமல் நிறுத்தினார்கள். பழைய காராக இருந்தபோது பின்னால் நின்றவர்களில் 84 சதவீதத்தினர் ஹோர்ன் அடித்தார்கள். விலையுயர்ந்த புதிய காராக இருந்தபோது 50 சதவீதத்தினரே அடித்தார்கள். தடை ஒன்றுதான். ஆனால் தடுப்பவர் யார் என்று பார்த்தே கோபம் வந்திருக்கிறது. நமது வீதிகளில் வரிசையின் கடைசியில் இருப்பது சைக்கிள். அதில் போகிறவர் ஏழை, அல்லது பிள்ளை, அல்லது வயோதிபர்.

எல்லாவற்றிலும் என்னை வருத்தியது 2019 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு. குரங்கு நிலையிலிருந்து படிப்படியாக மனித நிலைக்கு உயரும் ஒரு படத்தையும், பூச்சியிலிருந்து மனிதராக மாறும் இன்னொரு படத்தையும் வைத்து, சைக்கிளோட்டிகளை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓடாதவர்களில் 55 சதவீதத்தினர் அவர்களை முழு மனிதரின் இடத்தில் வைக்கவில்லை. சைக்கிள் ஓடுபவர்களிலேயே 30 சதவீதத்தினர் அப்படிச் செய்தார்கள். அப்படிக் குறைத்து மதித்தவர்களே சைக்கிளோட்டிகளிடம் முரட்டுத்தனமாக நடந்ததாகவும் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். முன்னால் போவது ஒரு மகள், ஒரு தகப்பன் என்று பார்க்காமல், ஒரு தடங்கல் என்று பார்க்கும்போதுதான் கை ஹோர்னுக்கும் கால் வேகத்துக்கும் போகிறது.

மிச்சமாகும் நான்கு நிமிடம்

போர் முடிந்தபின் எங்கள் வீதி காபட் வீதியாகியது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். ஆனால் நேரான, வழுவழுப்பான வீதியில் சிறிது நேரம் வேகமாக ஓடினால் அந்த வேகம் மனதுக்குப் பழகிவிடும். பிறகு வேகத்தைக் குறைத்தாலும், உண்மையில் போவதைவிட மெதுவாகப் போவது போலவே தோன்றும். ஊர் வந்ததும், பாடசாலை வந்ததும் சாரதிக்கு அது உறைப்பதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 15 கிலோமீற்றரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 15 நிமிடம் வேண்டும். 80 இல் போனால் 11 நிமிடமும் 15 செக்கனும். மிச்சம் நான்கு நிமிடம்கூட இல்லை. அதற்காகக் கொடுப்பது என்ன? வேகம் கூடும்போது மோதும் சக்தி அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 60 ஐ விட 80 இல் அது 1.8 மடங்கு. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் ஆகும் என்று கொண்டால், அதற்குள்ளேயே 60 இல் 25 மீற்றரும் 80 இல் 33 மீற்றரும் வாகனம் ஓடிவிடும். அந்த எட்டு மீற்றருக்குள் இரண்டு சைக்கிள்களும் அவற்றில் இரண்டு பிள்ளைகளும் தாராளமாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பிழைகள்

நியாயம் பேசும்போது இரு பக்கமும் பேச வேண்டும். சைக்கிளோட்டிகளான எங்கள் மனமும் எங்களை ஏமாற்றுகிறது.

சைக்கிள் ஓடுவது எங்கள் சொந்தப் பலத்தில். நின்றுவிட்டால் மீண்டும் மிதித்து எடுக்கும் கஷ்டம் உடம்புக்குத் தெரியும். மெதுவாகப் போனால் சைக்கிள் ஆடும். அதனால் ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறும் இடத்தில் நிற்க மனம் வருவதில்லை. தோழியோடு இருவராக, மூவராகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது கதைதான் கொரில்லா பரிசோதனையின் பந்து. பின்னால் வரும் லொறி கொரில்லா. வீதியைக் குறுக்கே கடக்கச் சோம்பல்பட்டு, பிழையான பக்கத்தில் எதிரே ஓடுவதும் நம்மிடம் உண்டு. சந்தியில் திரும்பும் சாரதி அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

ஆனால் சாரதிகள் அறிய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சைக்கிளோட்டி திடீரென்று உள்ளே வெட்டுவது குறும்பால் அல்ல. உங்களுக்குத் தெரியாத ஒரு பள்ளம், ஒரு போத்தல் துண்டு, காபட் ஓரத்தின் ஒரு படி அவருக்குத் தெரிகிறது. பெரிய வாகனம் நெருங்கிக் கடக்கும்போது அடிக்கும் காற்று முதலில் எங்களைத் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கூடுதலாக இடம் விட்டால் அந்தக் காற்றின் தாக்கம் எங்களுக்குக் குறையும்.

என்ன செய்தோம்

படித்தவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். வாப்பா குறுக்கே பேசவில்லை. கறுப்பு உடைக்கு 100 இற்கு 2 என்ற இடத்தில் உம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "திருப்பி வாசி" என்றார்.

அடுத்த நாள் வாப்பா வவுனியாவில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் ஒளி தெறிக்கும் பட்டி ஒரு சுருள் வாங்கி வந்தார். தங்கையின் சைக்கிளில் பெடல் தண்டுகளிலும் பின் மட்காட்டிலும் ஒட்டினோம். அபாயா சங்கிலியில் சிக்காதிருக்கச் செயின் கவரைப் பூட்டினோம். உம்மா ஒரு பழைய துணியில் பட்டியைத் தைத்து, கணுக்காலில் கட்டும் இரண்டு வளையம் செய்தார். முன்னுக்கும் பின்னுக்கும் விளக்கு. பிறகு இருட்டும் வரை காத்திருந்து, தங்கையை ஒழுங்கையில் ஓடவிட்டு, உம்மாவை லொறியில் ஏற்றி, விளக்கைப் போட்டுக் காட்டினார் வாப்பா. இரண்டு சின்ன வெளிச்சங்கள் மேலும் கீழும் மிதித்துக்கொண்டு போவது தூரத்திலிருந்தே தெரிந்தது. உம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வந்திரணும்" என்றார். அதுதான் அனுமதி.

பட்டி எல்லாவற்றையும் தடுக்காது. எனக்குத் தெரியும். காண்பதற்கு வழி செய்வது எங்கள் கையில். கண்ட பிறகு மனிதராக மதிப்பது ஸ்டியரிங் பிடித்த கையில். அதற்கும் நமக்கு ஒரு வழி சின்ன வயதிலேயே சொல்லித்தரப்பட்டிருக்கிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அஹதிய்யா வகுப்பில் படித்தோம். வாகனத்தில் போகிறவர்தான் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இதுவரை அதை ஒரு நல்லொழுக்கமாக மட்டும் நினைத்திருந்தேன். ஸலாம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவரைப் பார்க்க வேண்டும். அவர் யாரென்று பார்க்க வேண்டும். வேகத்தையும் குறைக்க வேண்டும்.

வீட்டில் பட்டி கொஞ்சம் மீதி இருந்தது. விடுதிக்குத் திரும்பும் நாள் வாப்பாவோடு லொறியில் வந்தேன். வழியில், முன்னால் புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள். வாப்பா ஹோர்ன் அடிக்கவில்லை. மெதுவாக்கி, விலத்தி முன்னே போய், ஓரமாக நிறுத்தினார். அந்த ஐயாவேதான். வாப்பா இறங்கிப் போய்ச் சுகம் விசாரித்தார். பிறகு வீதியோரத்தில் குந்தியிருந்து, அவரது சைக்கிளின் பெடல் தண்டுகளைச் சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டு, மீதிப் பட்டியை ஒட்டினார்.